வால் நட்சத்திரமும் வயிற்றுப் பிழைப்பும்

(திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வால் நட்சத்திரம். "விலைவாசியைப் பற்றிப் பேசாமல் ஆகாயத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். ஆகாயத்தில் தெரிந்த ஒரு வஸ்துவைக் காட்டி, நம் பக்கத்தில் ஒரு குடும்பம் கடனாளியாக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் பேசுகிறோம். நாம் காலேஜில் படித்ததில்லை. கிடைத்த புஸ்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபரில் மேற்கு வானில் சுசின்ஷான்-அட்லஸ் என்னும் வால் நட்சத்திரம் தெரிந்தது. அப்போது ஒரு பூட்டுத் தொழிலாளி ஐப்பசியில் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். ஒரு ஜோசியர் வந்து, "தூமகேது தோன்றியிருக்கிறது, சாந்தி செய்யாவிட்டால் மாப்பிள்ளைக்கு ஆகாது" என்றார். தாலிக்கு வைத்திருந்த தங்கம் அடகுக்குப் போயிற்று. சாந்தியும் நடந்தது. ஆனால் சாந்தி செய்த சேதி மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டியதும், "அப்படியானால் பெண்ணுக்குத் தோஷம் இருக்கிறது" என்று கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்கள். ஏழு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போன ஒன்றுக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? யோசித்துப் பாருங்கள்.

அது என்னதான் வஸ்து? வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் கேதுக்களுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதி, பஞ்சம் வரும், ராஜாவுக்கு ஆபத்து என்றெல்லாம் பலன் சொன்னார். நம் பழந்தமிழ் நூல்களும் புகைக்கொடி என்று பெயரிட்டு அதைத் துர்நிமித்தமாகவே வைத்தன. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களிடம் தூரதிருஷ்டிக் கண்ணாடி கிடையாது. இன்று அதனிடமே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகும் பழைய பலனையே சொல்லுவதுதான் குற்றம்.

1986இல் ஜியோட்டோ என்னும் விண்கலம் ஹாலி வால் நட்சத்திரத்துக்கு அறுநூறு கிலோமீட்டர் அருகே போய்ப் படமெடுத்தது. நடுவில் இருந்த கரு சுமார் 15 கிலோமீட்டர் நீளம், கரியைப்போலக் கறுப்பு. 2014இல் ரோஸெட்டா என்னும் கலம் இன்னொரு வால் நட்சத்திரத்தை அடைந்து இரண்டு வருஷம் கூடவே சுற்றியது; ஒரு சிறு கருவியை அதன்மேல் இறக்கியும் பார்த்தது. கண்டது என்ன? தண்ணீர்ப் பனிக்கட்டி, உறைந்த கரியமில வாயு, தூசி, கரிச்சேர்மங்கள், இவ்வளவுதான். அதுவும் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். தண்ணீரில் பாதி கனம்கூட ஏறக்குறையத்தான். கடலில் போட்டால் மிதக்கும்! சூரியன் உண்டான காலத்தில், சுமார் 460 கோடி வருஷத்துக்கு முன், மிஞ்சிப்போன சரக்கு அது.

அப்படியானால் வால் எங்கிருந்து வந்தது? உங்கள் வீட்டுக் கற்பூரத்தைப் பாருங்கள். டப்பாவைத் திறந்து வைத்தால் தண்ணீராக உருகாமலே ஆவியாகிக் குறைகிறதல்லவா? அதேபோல் சூரியனுக்குக் கிட்டே வந்ததும் அந்தப் பனிக்கட்டி நேரே ஆவியாகித் தூசியையும் கிளப்பிக்கொண்டு வெளிவருகிறது. சூரிய ஒளியும் சூரியக் காற்றும் அதைப் பின்னே தள்ளுகின்றன. 1986இல் ஹாலி விநாடிக்குச் சுமார் இருபது டன் வாயுவை இப்படி இழந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கரு தேய்கிறது. மேலே தூசி படிந்து தடித்து, ஆவி வர வழியில்லாமல் சில அணைந்துபோகின்றன. சில உடைந்து போகின்றன. பியேலா வால் நட்சத்திரம் 1846இல் எல்லோரும் பார்க்க இரண்டாய்ப் பிளந்தது. 1852க்குப் பிறகு அதைக் கண்டவரில்லை. தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாத ஒன்றா மாப்பிள்ளையைக் கொல்லப் போகிறது?

1910இல் ஹாலியின் வால் பூமிமேல் படும், அதில் சயனோஜன் என்னும் விஷ வாயு இருக்கிறது என்று மேல்நாடுகளிலும் கிலி பிடித்தது. தப்பிக்க மாத்திரைகூட விற்றார்கள்! ஜோசியர் எல்லாத் தேசத்திலும் உண்டு, தோழர்களே! ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. இன்னும் கேளுங்கள். ஹாலி உதிர்த்த தூசி வருஷந்தோறும் அக்டோபரில் எரிநட்சத்திரங்களாய் நம் தலைக்குமேல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஐப்பசிக் கல்யாணங்கள் நடந்துகொண்டும் இருக்கின்றன.

வால் நட்சத்திரத்தால் ஆபத்தே கிடையாதா என்றால், மோதினால் உண்டு. 1994இல் ஒன்று துண்டுதுண்டாகி வியாழன்மேல் விழுந்தது. அந்த ஆபத்துக்குக் காவல் வானத்தை அளந்து பார்க்கும் கருவியும் கணக்கும்தான். அந்தக் கணக்கில் ஹோமத்துக்கு இடமில்லை.

அந்தக் கருவி வெகுதூரத்திலும் இல்லை. நம் திண்டுக்கல் ஜில்லாவிலேயே கோடைக்கானலில் 1899இல் ஏற்பட்ட வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1960இல் அதன் தலைமையை ஏற்ற வைணு பாப்பு, 1949இல் அமெரிக்காவில் மாணவராயிருந்தபோது ஒரு வால் நட்சத்திரத்தையே கண்டுபிடித்தவர். தூரத்தில் பார்த்தாலே தோஷம் என்றால், முதலில் பார்த்தவருக்கு என்ன நேர்ந்திருக்க வேண்டும்? அவருக்குக் கிடைத்தது பதக்கம்!

ஆகவே தாய்மார்களே, தோழர்களே! அந்தப் பெண்ணிடம் தோஷம் இல்லை. தோஷம் நம் பயத்தில் இருக்கிறது. அந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவரிடம் இருக்கிறது. அவள் கல்யாணத்தை நடத்திவைக்க யோக்கியமான பிள்ளை முன்வந்தால் இந்த ஊரார் உடனிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். ஹாலி 2061இல் மறுபடி வரும். இங்கே மடியில் தூங்கும் குழந்தைகள் அதைப் பார்ப்பார்கள். அப்போது அவர்கள் அடகுக்கடைக்கு ஓடாமல், மொட்டை மாடிக்கு ஏறி, தங்கள் பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்ட வேண்டும். அதற்கான புத்தியை இன்றே கொடுக்க வேண்டியது நம் கடமை என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.