குலுக்கலைக் காக்கும் தணிக்கை

லாட்டரித் தணிக்கையாளர் வரவு செலவைச் சரிபார்ப்பதோடு நிற்பவர் அல்லர். சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் வெற்றி வாய்ப்பு ஒன்றுபோல் இருந்ததா என்பதை நிலைநாட்டுவதே அவரது தலையாய கடமை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இதன் அருமையை 1980இல் உணர்ந்தது. தொலைக்காட்சியில் நடந்த மூவிலக்கக் குலுக்கலுக்குரிய பந்துகளில், 4, 6 ஆகிய எண்களுக்குரியவற்றை விட்டுவிட்டு, ஏனையவற்றினுள் ஊசிவழியே வெண்சாயம் செலுத்தி எடை கூட்டியிருந்தனர். ஏப்ரல் 24 அன்று 666 விழுந்தது. அவ்விரு இலக்கங்களால் அமையும் எட்டு எண்களின் மீது பந்தயம் குவிந்திருந்தது ஐயத்தை எழுப்ப, சதி வெளிப்பட்டது. பந்துகளை எடைபோட்டு, முத்திரையிட்டு, பூட்டி வைப்பதைத் தணிக்கையாளர் உடனிருந்து கண்காணிக்கும் நடைமுறையின் தேவையை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்வு வேறில்லை.

கணினி வந்தபின் எடைபோட எதுவுமில்லை. பந்துகளின் இடத்தைப் பிடித்தது தற்போக்கு எண்ணாக்கி, அதாவது எவராலும் முன்கூட்டிக் கணிக்க இயலாத எண்களைத் தரும் மென்பொருள். பல மாநிலங்களின் லாட்டரிகளுக்கு அதை எழுதிக்கொடுத்த சங்கத்தின் தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளரே அதனுள் சில வரிகளை மறைத்து வைத்தார். மே 27, நவம்பர் 23, டிசம்பர் 29 ஆகிய நாள்களுள் ஒன்று புதன் அல்லது சனிக்கிழமையில் அமைந்து, நேரமும் இரவு எட்டைக் கடந்திருந்தால் மட்டுமே, அவர் கணிக்கத்தக்க எண்கள் வெளிவரும். மற்ற நாள்களில் மென்பொருள் முற்றிலும் நேர்மையாக இயங்கியதால், வெளிவந்த எண்களைப் புள்ளியியல் முறையில் சோதிப்பவருக்கு எதுவும் புலப்படாது. 2010ஆம் ஆண்டின் ஹாட் லாட்டோ பரிசான 1.65 கோடி டாலரை, சீட்டு வாங்கியவர் யாரென்று கூற மறுத்தபடியே பிறர் கோர முயன்றதும், கடையின் கண்காணிப்புக் கேமராவில் அவர் உருவம் பதிந்திருந்ததுமே அவரைச் சிக்கவைத்தன. 2017இல் அவருக்கு 25 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆகவே இத்தொழிலுக்கு வருவோர்க்குப் புள்ளியியல் அறிவு மட்டும் போதாது. மென்பொருளின் மூலநிரலை, அதாவது அது எழுதப்பட்ட கட்டளைகளை, வரிவரியாகப் படிக்கும் பொறுமையும், சான்றளிக்கப்பட்ட நிரல்தான் குலுக்கல் அறையில் இன்றும் ஓடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிடும் பிடிவாதமும் வேண்டும். நிரலை எழுதியவரே அதன் காவலராகவும் இருக்க அனுமதிப்பது, எத்துணை நம்பிக்கைக்குரியவராயினும், பெரும்பிழை. விஸ்கான்சின் மாநிலத்தில் கிடைத்த பழைய எண்ணாக்கியில் வல்லுநர்கள் அம்மறைவரிகளைக் கண்டறிந்து, 2007 டிசம்பர் 29ஆம் நாளின் குலுக்கலை மீண்டும் நடத்திப் பார்த்தபோது, அன்று பரிசு விழுந்த அதே எண்களே வந்தன.