மருந்தை மறையாமை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வள்ளுவனார் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்போன் என நான்கு கூறாக வகுத்தார். இக்காலத்திலோ மருத்துவர் ஒரு தெருவிலும், பல் மருத்துவர் மற்றொரு தெருவிலும், மருந்துக் கடைக்காரர் வேறொரு தெருவிலும் உளர். ஒருவர் அளித்ததை மற்றவர் அறியார். அதனால் விளையுங் கேடு சிறிதன்று.

இரண்டு எடுத்துக்காட்டுக் கூறுவாம். இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றோர் குருதி உறையாதிருத்தற்பொருட்டு 'வார்பரின்' உண்பர். அன்னார் ஈறு வீக்கத்திற்குப் பல் மருத்துவரிடஞ் சென்று அதனைக் கூறாதொழியின், அவர் 'மெட்ரோனிடசோல்' எழுதக்கூடும். இது வார்பரின் உடலினின்று கழிவதைக் குறைத்து, அதன் வன்மையைப் பெருக்கும். அதனால் நேருங் குருதிப்போக்கு உயிர்க்கே இறுதி பயக்கலாம். அவ்வாறே, வலிப்பு நோய்க்குக் 'கார்பமாசெபின்' உண்பார்க்குக் 'கிளாரித்ரோமைசின்' கொடுப்பின், முன்னது குருதியில் மிகுந்து தலைசுற்றலும் தள்ளாட்டமும் உண்டாக்கும்.

நிற்க. நம்மவர் இவற்றைக் கூறாதிருப்பது மறதியால் மட்டுமன்று. வலிப்பு மருந்து உண்பது வெளிப்படின் பெண்ணுக்கு வரன் அமையாதென்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை வளர்த்தது ஊர்ப்பேச்சே. எனினும், ஊராரிடம் கூறாமை வேறு. மருத்துவரிடம் மறைத்தல் வேறு. முன்னது நோயாளியின் உரிமை. பின்னது அவருயிர்க்கே கேடு.

எஸ்தோனியா நாட்டில் 2010-ஆம் ஆண்டு முதல் மருந்துச் சீட்டுகள் மின்வழியே மருந்துக் கடைகளை அடைகின்றன. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் நாடெங்குந் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், விரும்புவோர்க்கு 14 இலக்க எண் அளித்து, அவர்தம் இசைவு பெற்றே குறிப்புகளைப் பகிர வழி வகுத்துள்ளது. இவ்விசைவே இதற்கு உயிர்நிலை. இசைவின்றிப் பிறர்க்குச் செல்லுமாயின், மக்கள் மீண்டும் மறைக்கத் தலைப்படுவர்.

ஆயினும், மருத்துவர் கடைக்காரர் யாவரும் அதனுட் சேருங்காறும் நாம் வாளாவிருத்தல் வேண்டா. ஒரு தாளில் உண்ணும் மருந்தின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை எழுதுக. சித்த, ஆயுர்வேத மருந்துகளையும், கடையில் தாமே வாங்கிய வலி மாத்திரையையும் விடாது குறிக்க. மருந்து மாறுந்தோறும் திருத்துக. பல் பிடுங்குமுன் அச்சத்தால் எம்மருந்தையுந் தாமே நிறுத்தற்க. எழுதிய மருத்துவரை வினவுக. வீட்டில் எழுத்தறிந்த பிள்ளைகள் முதியோர்க்கு இதனை எழுதிக் கொடுப்பது நல்லதோர் தொண்டாம்.

அடுத்த கூட்டத்திற்கு வருமுன் ஒவ்வோர் இல்லத்திலும் அத்தாள் அமைக என வேண்டி அமைகின்றோம்.