குழந்தைகளின் காலை உணவு: தானியம், பருப்பு, காய்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பேசப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தோடுதான் பேச வேண்டும்.

காலை ஏழு மணிக்கு நம் கேட் அருகே நின்று பாருங்கள். ஓசூர் போகிற பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளில் சிலர் கையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். சிலர் பால் மட்டும் குடித்திருப்பார்கள். சிலர் வெறும் வயிறு. முந்தின இரவு 9 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை, மறுநாள் 10.30 இடைவேளை வரை பதின்மூன்றரை மணி நேரம் பட்டினி. அப்புறம் கணக்கு மண்டையில் ஏறவில்லை என்று டியூஷன் தேடுகிறோம்.

இதே வேளையில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் என்ன நடக்கிறது? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தொடங்கியபோது திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று இருந்தது. காய்கறி சாம்பாரும் உண்டு. ஒரு குழந்தைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், பருப்பு 15 கிராம், அதோடு அந்தந்த ஊரில் விளையும் காய். வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியம் சேர்க்க வேண்டும் என்பதும் திட்டத்தில் இருக்கிறது.

அங்கே ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று அளவு வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அந்த அளவு இல்லை. வசதி இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த அளவையே நம் வீட்டுக்கும் எடுத்துக்கொள்வோம். சின்னக் குழந்தைக்கு கால் கப் தானியம், ஒரு மேசைக்கரண்டி பருப்பு, ஒரு கைப்பிடி காய். பெரிய பிள்ளைக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

தானியத்துக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டுமே ராகி விளையும் சீமை. நம் குடியிருப்பில் களி என்பவரும் உண்டு, முத்தெ என்பவரும் உண்டு, சங்கட்டி என்பவரும் உண்டு, மூன்றும் ஒன்றுதான். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். தக்காளிக்கு ராயக்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. மார்கழி, தை வந்தால் அவரைக்கொட்டைக்குப் பஞ்சமில்லை.

ஒரு வாரத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்:

திங்கள்: ராகி தோசை, வேர்க்கடலைச் சட்னி. மாவை ஞாயிறு மாலையே அரைத்துவிடலாம்.
செவ்வாய்: கேரட், பீன்ஸ், பாசிப்பருப்பு போட்ட கோதுமை ரவை கிச்சடி.
புதன்: வெண்பொங்கல், காய்கறி சாம்பார்.
வியாழன்: முருங்கைக்கீரை போட்ட ராகி அடை. கீரையை இரவே உருவி வையுங்கள். ஊறிய பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி சேருங்கள்.
வெள்ளி: பட்டாணி போட்ட அவல் உப்புமா. சாப்பிடுகிற வீடுகளில் ஒரு அவித்த முட்டை.

இதில் எதற்கும் காலையில் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, இரவே நறுக்கி, ஊறவைத்திருந்தால்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, டீ. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இன்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உணவோடு டீ குடித்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. டீக்குப் பதில் ஒரு கொய்யாத் துண்டோ, உப்புமாவில் எலுமிச்சைச் சாறோ கொடுங்கள். அது இரும்புச்சத்து சேர உதவும். இரண்டு, டப்பாவில் வரும் மாவு பானங்கள். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. அந்தப் பெயரில் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எவ்வளவு என்று படித்துப் பாருங்கள்.

"ஏழு மணிக்குப் பிள்ளைக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது" என்று பலர் சொல்கிறீர்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்தால் காலையில் பசி வரும். அப்படியும் பாதிதான் சாப்பிட்டால், மீதியைச் சின்ன டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். அடையும் தோசையும் ஆறினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

கடைசியாக அப்பாக்களுக்கு. இங்கே பல வீடுகளில் இரண்டு பேருமே கம்பெனி வேலை. அம்மா காலை ஷிப்ட்டுக்குப் போகிற வாரத்தில் அடுப்படி அப்பாவுடையது. நைட் ஷிப்ட் முடித்து இருவருமே களைத்து வரும் நாளும் உண்டு. அதற்கு ஒரு யோசனை: ஒரே மாடியில் இருக்கும் மூன்று வீடுகள் சேர்ந்து, முறை வைத்து மாவு அரைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். பக்கத்து விவசாயிகளிடம் மூட்டையாக ராகி வாங்கி, மில்லில் அரைத்துப் பிரித்துக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். பதினைந்து வீடுகள் சேர்ந்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.