கேள்வி கேட்பது பிச்சையல்ல!

(ஆலைத் தொழிலாளர் படிப்பகம் ஒன்றில், கணினி படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! தாய்மார்களே! பின்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே!

நான் கணினி நிபுணன் அல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திற்கு முழுக்குப் போட்டவன். இவனுக்குக் கணினியைப் பற்றிப் பேச என்ன அருகதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கணினியைப் பற்றிப் பேச வரவில்லை. கேள்வி கேட்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுக் கேட்டே காலம் தள்ளியவன் நான். ஆகவே அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

ஆலைக்குள் நீங்கள் முதன்முதல் கால் வைத்த நாளை நினைத்துப் பாருங்கள். மிஷின் ஓடுகிறது. இழை அறுகிறது. அறுந்த இழையைப் பிணைக்கக் கை வரவில்லை. விரல் நடுங்குகிறது. பக்கத்து சைடு பார்த்துக் கொண்டிருந்த மூத்த தொழிலாளி ஒருவர் வருகிறார். "தம்பி, இப்படிப் பிடி" என்று ஒரு தடவை செய்து காட்டுகிறார். அவ்வளவுதான், தொழில் பிடிபட்டு விட்டது! அன்றைக்கு அவர், "இதுகூடத் தெரியாதவன் ஏன் ஆலைக்கு வந்தாய்?" என்று விரட்டியிருந்தால் உங்கள் கதி என்ன? உங்கள் குடும்பத்தின் கதி என்ன?

இன்று நம் பிள்ளைகள் வேறொரு தொழிலைக் கற்கிறார்கள். அதற்குப் புரோகிராம் எழுதுவது என்று பெயர். அந்தத் தொழிலிலும் இழை அறுகிறது. அங்கேயும் கை நடுங்குகிறது. ஆனால் பக்கத்து சைடில் ஆள் இல்லை. அதுதான் இன்றைய பிரச்னை.

தறியின் பேரப்பிள்ளை

புரோகிராம் என்றால் என்ன? ஜக்கார்டு தறி பார்த்த தோழர்களுக்கு இதை ஒரு நிமிஷத்தில் விளக்கி விடலாம். தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எந்தப் பாவு நூல் மேலே எழும்ப வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அந்தத் துளைகள் கட்டளை இடுகின்றன. கட்டளைப்படி பூ விழுகிறது. பிரெஞ்சு நாட்டில் 1804-ஆம் ஆண்டு ஜக்கார்டு என்பவர் கொண்டு வந்த முறை இது. பின்னால் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற அறிஞர் கணக்குப் போடும் பெரிய இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டபோது, அதற்குக் கட்டளையிட இந்தத் தறி அட்டையைத்தான் எடுத்துக் கொண்டார்.

ஆகவே, இந்தத் தொழில் நமக்கு அந்நியமானதல்ல. தறியின் பேரப்பிள்ளைதான் அது! அட்டையில் ஒரு துளை தவறினால் பூ கெடுகிறது. புரோகிராமில் ஒரு சொல் தவறினால் கணக்குக் கெடுகிறது. தவறு எங்கே என்று தேடிப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை.

நடவு வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தாயுடன் வேலை செய்யும் பெண்களுக்கு வாரக் கூலியைக் கணக்கிட, 'பைத்தான்' என்ற மொழியில் ஒரு சிறு புரோகிராம் எழுதினாள். நாள் கூலி 400 ரூபாய் என்று புரோகிராமுக்குள் எழுதி வைத்தாள். எத்தனை நாள் வேலை என்று அது கேட்கும். 6 என்று தட்டினாள். 2,400 என்று விடை வர வேண்டும். வந்ததோ திரை முழுவதும் 666666 என்று முடிவில்லாத வரிசை! எட்டிப் பார்த்த தாய், "என்னடி இது, ஆறு நாள் நட்டதற்கு இவ்வளவு கூலியா? பண்ணைக்காரர் பார்த்தால் மயங்கி விழுந்து விடுவாரே!" என்று சிரித்தாராம்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் ஆசிரியரிடம் காட்ட வேண்டும். இரவு 11 மணி. இன்டர்நெட்டில் புரோகிராமர்கள் கூடிப் பேசும் ஓர் இடத்தில் திரையைப் போட்டோ எடுத்துப் போட்டு, "என் புரோகிராம் ஓடவில்லை, அவசரம், உதவி செய்யுங்கள்" என்று இரண்டு வரி எழுதினாள். வந்த பதில் என்ன? "முதலில் புத்தகத்தைப் படி" என்றார் ஒருவர். "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கேள்வியையே மூடி விட்டார்கள். அந்தப் பெண் இரண்டு வாரம் கணினியைத் தொடவே இல்லை. "இது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை, தோழர்" என்று என்னிடம் சொன்னாள்.

தோழர்களே, அந்தச் சொல்தான் என்னை இங்கே பேச வைத்தது. அவளுக்குத் தெரியாதது ஒரே ஒரு சிறு விஷயம். ஆனால் அவள் இழக்க இருந்ததோ ஒரு தொழிலையே!

இரு தரப்பும் தொழிலாளர்களே

இது ஒரு பெண்ணின் அனுபவம் மட்டுமல்ல. உலகறிந்த உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்ற கேள்வி-பதில் தளத்தை அமெரிக்காவில் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் 2008-இல் தொடங்கினார்கள். இரண்டு கோடிக்கு மேற்பட்ட கேள்விகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. புரோகிராம் எழுதும் எவரும் அதன் பக்கம் போகாமல் இருந்ததில்லை. அப்பேர்ப்பட்ட இடத்தின் நிர்வாகமே 2018-இல் பகிரங்கமாக ஒப்புக் கொண்டது: புதிதாக வருகிறவர்களும், பெண்களும், ஒதுக்கப்பட்ட மக்களும் இதைப் பகைமை நிறைந்த இடமாகவே உணர்கிறார்கள் என்று!

அப்படியானால் பதில் சொல்கிறவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? அல்ல. அவர்களுடைய நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களும் உழைக்கிறவர்கள்தான். பகலெல்லாம் கம்பெனி வேலை. இரவில் கூலி ஏதும் இல்லாமல் முன்பின் தெரியாதவர்களுக்குப் பதில் எழுதுகிறார்கள். ஒரே கேள்வி நூறு தடவை வருகிறது. மங்கலான போட்டோ வருகிறது. வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டு "முடித்துக் கொடுங்கள்" என்கிறார்கள். பதில் கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்து விடுகிறார்கள். பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா?

ஆகவே, இது நல்லவருக்கும் கெட்டவருக்கும் நடக்கும் சண்டை அல்ல. கேட்கத் தெரியாத தொழிலாளிக்கும் களைத்துப்போன தொழிலாளிக்கும் இடையே விழுந்த பிளவு. இரு பக்கமும் திருந்தினால் அது மூடும்.

ஒரு கேள்வியின் மகிமை

கேட்பதை இழிவாக நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். 1991 ஜூலை மாதம் பின்லாந்தில் 21 வயது மாணவர் ஒருவர், கணினிக்காரர்கள் கூடும் செய்திக் குழுவில் ஒரு கேள்வி போட்டார். தனக்கு வேண்டிய தொழில்நுட்ப விதிமுறைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அடுத்த மாதம், தான் செய்து வருவது என்ன என்று சொல்லி, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அந்தக் கேள்விகளோடு பிறந்து வளர்ந்ததுதான் 'லினக்ஸ்'. உலகின் மிக வேகமான 500 கணினிகள் என்று வரிசைப்படுத்துகிறார்களே, 2017 நவம்பர் பட்டியல் தொட்டு அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன! கேட்டதால் அந்த மாணவர் சிறுத்துப் போனாரா? இல்லை. கேட்டதால்தான் ஆயிரக்கணக்கானவர்கள் அவரோடு வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் அவர் எப்படிக் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். தான் என்ன செய்கிறேன், தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அதுதான் விஷயம்!

மிஷின் நின்று போனால் ஃபிட்டரிடம் என்ன சொல்கிறோம்? "மிஷின் ஓடவில்லை, அவசரம்" என்று மட்டுமா? எந்த மிஷின், எந்த இடத்தில் சத்தம் வந்தது, அதற்கு முன் என்ன செய்தோம் என்றெல்லாம் சொல்கிறோம். அதே முறைதான் இங்கேயும்.

முதலாவதாக, நீ என்ன செய்ய முயன்றாய் என்று சொல். இரண்டாவதாக, நீ எழுதிய கட்டளைகளைப் போட்டோவாக அல்ல, எழுத்தாகவே போடு. 200 வரியையும் கொட்டாதே. தவறு தெரியும் மிகச் சிறிய பகுதியைப் பிரித்தெடுத்துப் போடு. பிரித்தெடுக்கும்போதே பாதிப் பேருக்குத் தவறு தானாகத் தெரிந்து விடும்! மூன்றாவதாக, எந்த விடை வரும் என்று எதிர்பார்த்தாய், எது வந்தது என்று சொல். பிழைச் செய்தி வந்திருந்தால் ஓர் எழுத்து மாறாமல் எழுது. நான்காவதாக, நீயாக என்னென்ன செய்து பார்த்தாய் என்று சொல். ஐந்தாவதாக, விடை கிடைத்ததும் திரும்பி வந்து, எது பலித்தது என்று எழுதி நன்றி சொல். அடுத்து வருகிறவனுக்கு அதுவே விளக்கு.

அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னோம். இரண்டு வாரம் கழித்து, வேறோர் இடத்தில், ஐந்து வரியில் ஒழுங்காகக் கேட்டாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுதினார்: "விசைப்பலகையில் தட்டுவதைப் பைத்தான் எழுத்தாகத்தான் எடுத்துக் கொள்ளும், எண்ணாக அல்ல. எழுத்தை 400-ஆல் பெருக்கினால், அதையே 400 தடவை எழுதிக் காட்டும். 'இன்ட்' என்ற கட்டளையால் முதலில் எண்ணாக மாற்று. நானும் முதல் வாரத்தில் இதே தவறைச் செய்தேன்." மாற்றினாள். 2,400 என்று வந்தது!

அந்தக் கடைசி வரியைக் கவனித்தீர்களா? "நானும் இதே தவறைச் செய்தேன்." பக்கத்து சைடிலிருந்து வந்த மூத்த தொழிலாளியின் குரல் அதுதான்.

மிஷினிடம் கேட்டால் போதாதா?

"இப்போதுதான் சாட்ஜிபிடி வந்து விட்டதே, மனிதரிடம் ஏன் கேட்க வேண்டும்?" என்று ஒரு தம்பி கேட்டார். மிஷின் கோபிக்காது, நடுராத்திரியிலும் பதில் சொல்லும். உண்மைதான். 2022 நவம்பரில் அது வெளிவந்தது முதல், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு வரும் கேள்விகள் பெருமளவு குறைந்து விட்டன. மிஷினை உபயோகிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று, அது தவறான பதிலையும் சரியான பதிலைப் போலவே தைரியமாகச் சொல்லும். அந்தக் காரணத்தால்தான் 2022 டிசம்பரிலேயே, அது எழுதிய பதில்களைப் போடக் கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை செய்தது. தொழில் தெரிந்தவனுக்கு அந்தத் தவறு கண்ணில் படும். புதிதாகக் கற்கிறவனுக்குப் படாது.

இரண்டு, மிஷினுக்கு அறிவு வானத்திலிருந்து குதிக்கவில்லை. மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிய பதில்களைப் படித்துத்தான் அது கற்றது. கூலி வாங்காமல் லட்சக்கணக்கானவர்கள் பதில் எழுதிக் குவித்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை, 2021-இல் 180 கோடி டாலருக்கு விற்றார்கள். எழுதியவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. 2024-இல், சாட்ஜிபிடியை நடத்தும் கம்பெனியோடு புதிய முதலாளிகள் ஒப்பந்தம் செய்தார்கள். எதிர்ப்புத் தெரிவித்துத் தங்கள் பதில்களை அழிக்க முயன்ற சிலருடைய கணக்குகளைத் தற்காலிகமாக முடக்கினார்கள். உழைப்பு ஒருவருடையது, விலை பேசுகிறவர் இன்னொருவர்! ஆலையில் வேலை செய்யும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்பதும் சொல்வதும் நின்று போனால், நாளைக்கு மிஷின் எதைப் படித்துக் கற்கும்? நம் பிள்ளை யாரைப் பார்த்துத் தைரியம் கொள்வாள்?

நாம் செய்ய வேண்டியது

இன்னொரு சுவரும் இருக்கிறது. அது பாஷை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆங்கிலத்தில்தான் பேசுகிறது. ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்குத் தனித் தளம் வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு இல்லை. ஆனால் தமிழில் ஒன்றுமே இல்லை என்று நினைத்து விடாதீர்கள். 2012 முதல் 'கணியம்' என்ற மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் கட்டுரைகளும் புத்தகங்களும் இலவசமாக வெளியிட்டு வருகிறது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுத் தருகிறார்கள். இவர்களைத் தேடிப் போங்கள்.

நாமும் சும்மா இருக்கலாமா? நான் ஒரு யோசனை சொல்கிறேன். இந்தப் படிப்பகத்து மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். இடது பக்கத்தில் கேள்வியைத் தமிழில் எழுதட்டும். தெரிந்தவர் வலது பக்கத்தில் பதில் எழுதட்டும். இங்கே பதில் கிடைக்காத கேள்வியை ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லோரும் கூடி ஆங்கிலமாக்கி, வெளியே அனுப்புவோம். வந்த பதிலைத் தமிழில் எழுதி வைப்போம். அந்த நோட்டை யாரும் விற்க முடியாது! அது நம் எல்லோருக்கும் சொந்தம்.

விதி ஒன்றே ஒன்றுதான். "இதுகூடத் தெரியாதா?" என்ற வார்த்தையை இந்த மேஜையில் யாரும் சொல்லக் கூடாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இரவில் திரையைப் பார்த்துக் கலங்கி உட்கார்ந்திருந்தால், "உனக்கு இதெல்லாம் ஏன்?" என்று கேட்காதீர்கள். "யாரிடம் கேட்டாய்? எப்படிக் கேட்டாய்?" என்று கேளுங்கள். இளைஞர்களே, இன்று கேட்கிறவர்களாக இருங்கள். நாளை சொல்கிறவர்களாக இருங்கள். வாங்கிய கடனை அடுத்தவருக்குக் கொடுத்துத்தான் இந்தத் தொழிலில் தீர்க்க முடியும்.

நோட்டின் முதல் பக்கத்துக்கு ஆள் தயாராக இருக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்தான். அவள் எழுதப் போகும் கேள்வி இது: "ஆறு நாள் கூலி கேட்டால், கணினி ஏன் 400 ஆறுகளைக் கொடுக்கிறது?" வலது பக்கத்தில் பதிலையும் அவளே எழுதுவாள்.