சோறு இருந்தால்தான் சோதனைச்சாலை!



விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளை முதலில் தேட வேண்டியது நல்ல வழிகாட்டியையா, உதவித்தொகையையா? எனக்கு முன்னாலே பேசிய சகோதரி, "குரு கிடைத்தால் எல்லாம் கிடைத்த மாதிரி" என்றார். கேட்க நல்லா இருக்கு. ஆனால் ஒண்ணாம் தேதி ஆனா விடுதிக்காரர் குருவையா கேட்கிறார்? மெஸ் பில்லை அல்லவா கேட்கிறார்! (சிரிப்பு)

நான் தமிழிலே முனைவர் பட்டம் வாங்கியவன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு பேனா, ஒரு நூலகம், பக்கத்திலே ஒரு டீக்கடை. கல்லூரியிலே சம்பளம் வாங்கிக்கொண்டே முடித்தேன். விஞ்ஞானம் அப்படியா? ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய்ச் சோதனையைப் பார்க்கணும். பகலிலே டியூஷன், இரவிலே ஆராய்ச்சி என்று ரெண்டு குதிரையிலே ஏற முடியாது.

என் அக்கா மகள். எம்.எஸ்ஸி. வேதியியல். "மாமா, ஒரு பேராசிரியர் சேர்த்துக்கிறேங்கிறார். பணம் அப்புறம் வருமாம்" என்றாள். "சேர்ந்துடும்மா" என்று சொன்னவன் நான்தான். அந்த 'அப்புறம்' ரெண்டு வருஷமாகியும் வரவில்லை. பொங்கலுக்குப் போனேன். அக்கா கை வெறுங்கையாக இருந்தது. "வளையல் எங்கேக்கா?" "அடகுக் கடையிலே இருக்கு தம்பி. உன் மருமக படிக்கிறா இல்ல?" (அமைதி)

அந்தப் பெண் விலகிவிட்டாள். வீட்டிலிருந்தே சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வுக்குப் படித்தாள். முதல் முறை விரிவுரையாளர் தகுதி மட்டும் கிடைத்தது. அதிலே பணம் வராது. மறுபடி எழுதினாள், ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். ரெண்டு வருஷம் கழித்து, மதிப்பீட்டில் தேறினால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

அதற்கு அப்புறம்தான் நடுவர் அவர்களே, அவள் வழிகாட்டியைத் தேடினாள். நாலு பேருடைய கட்டுரைகளைப் படித்து, நாலு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். அவர்களுடைய மாணவர்களிடமே போய், "இங்கே எத்தனை வருஷத்திலே முடிக்கிறாங்க?" என்று விசாரித்தாள். உதவித்தொகை இல்லாதபோது வழிகாட்டி இவளைத் தேர்ந்தெடுத்தார். உதவித்தொகை வந்தபோது இவள் வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தாள்! (கைதட்டல்)

நெட் ஒன்றுதான் வாசலா? இல்லை. 'கேட்' தேர்வு இருக்கிறது. ஆய்வுத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கிறோம் என்று நிறுவனங்களே விளம்பரம் கொடுக்கின்றன. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் பல முனைவர் பட்ட இடங்கள் வேலை ஒப்பந்தமாகவே வருகின்றன; மாணவர் சம்பளம் வாங்குகிற ஊழியர். அங்கே அதை வேலை என்கிறான். இங்கே நாம், "படிக்கிற பிள்ளைக்கு எதுக்குக் காசு?" என்கிறோம்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மாசம் எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு, எழுத்திலே கொடுத்திருக்காங்களா?" இது பேராசை இல்லை, உழைப்புக்கு மரியாதை.

உதவித்தொகையின் முதல் தவணை வந்த அன்று, அவள் நேராகப் போனது அடகுக் கடைக்கு. இப்போது அக்கா கையிலே வளையல் இருக்கிறது. நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையிலே இருக்கிறது.