அம்மா எழுந்து நின்ற நாட்கள்



எங்கள் அம்மாவின் நினைவுச் சொற்பொழிவில் அவருடைய பிள்ளைகளான எங்களையே பேச அழைத்திருக்கிறீர்கள். அவரைக் கடைசி ஆறு ஆண்டுகள் பிடித்திருந்த மறதிநோயைப் பற்றிப் பேச முடிவு செய்தோம். நம் சேரிகளில் அந்த நோய்க்குப் பெயர் இல்லை. "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்கள் நால்வரையும் படிக்கவைத்தார். யார் எத்தனை மரக்கால் கூலி பாக்கி வைத்தார்கள் என்பது பத்து ஆண்டு கழித்தும் அவர் நாவில் இருக்கும். ஆண்டை வீட்டு வாசலில் கைகட்டி நின்று வளர்ந்தவர். பின்னாளில் பெண்களைத் திரட்டி, கூலி உயர்வு கேட்டு அதே தெருவில் நடந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் குடிக்கும் கிளாஸில் டீ வாங்கிக் குடித்தார்.

முதலில், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார். உலை வைத்ததை மறந்தார். ஐம்பது ரூபாய்க்கு ஐந்நூறைக் கொடுத்துவிட்டு வந்தார். "படிக்காதவங்க, அப்படித்தான்" என்று நாங்களே சொன்னோம். கூலிக்கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவரைப் பற்றி, அவர் படிக்கவைத்த பிள்ளைகள் அப்படிச் சொன்னோம். இரண்டு ஆண்டுகள் வீணாகப் போயின.

பிறகு ஒரு மருத்துவமனையில் தாளும் பென்சிலும் நீட்டினார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். படத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். "எனக்கு எழுத்து தெரியாதுங்களே" என்று சொல்லிவிட்டு அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தார். 30க்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டார்கள். அதில் நோய் பறித்தது எவ்வளவு, பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டதால் இல்லாமல் போனது எவ்வளவு என்று எங்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

1975இல் அமெரிக்காவில் வெளியான சோதனை அது. படிக்காதவரை நோயாளி என்று காட்டிவிடும் ஆபத்து அதில் உண்டு. படிக்காதவர் என்பதாலேயே நோயை நோயாகப் பார்க்காமல் விடுவது எங்கள் வீட்டில் நடந்த தவறு. இரண்டுமே நம் அம்மாக்களின் தலையில்தான் விடிகிறது.

இந்த நோய் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுகளை முதலில் எடுக்கிறது. பழையவை நெடுநாள் தங்குகின்றன. எங்கள் வீட்டில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? கூலிப் போராட்டம் போய்விட்டது. டீக்கடை பெஞ்சு போய்விட்டது. ஆண்டை வீட்டு வாசல் மட்டும் தங்கிவிட்டது. வெள்ளை வேட்டியில் யாராவது வந்தால், வந்தவர் நம் தோழராகவே இருந்தாலும், நாற்காலியிலிருந்து பதறி எழுவார். "சாமி" என்று கைகட்டி ஓரமாக நிற்பார். உட்காரச் சொன்னால் பயந்து நடுங்குவார். அதனால் நாங்களும் எழுந்து நின்றோம். வந்த தோழரைத் தரையில் உட்காரச் சொன்னோம். அவர் உட்கார்ந்த பிறகுதான் அம்மா உட்காருவார். கடைசிவரை எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். 2024இல் லான்செட் ஆணையம் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. இளமையில் கல்வி கிடைக்காதது, ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, தனிமை ஆகியவை அதில் உண்டு. சமூகவியல் படித்தவர்களாக நாங்கள் கேட்கிறோம்: கல்வி கிடைக்காதது தனிமனிதரின் குறையா? யாருடைய பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சாதியைத் தொடாமல் எப்படி எழுதுவது?

நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன. அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுத்தறியாத முதியோருக்கென்றே இந்தியில் ஒரு சோதனையை உருவாக்கி 1995இல் வெளியிட்டார்கள். 1998இல் '10/66' என்ற பெயரில் ஆய்வாளர்கள் கூடினார்கள். நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் ஏழை நாடுகளைப் பற்றிப் பத்து விழுக்காடு ஆய்வுகூட நடப்பதில்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அவர்களுடைய ஆய்வுக் களங்கள். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரம் வட்டாரக் கிராம மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு இப்போது நடக்கிறது.

ஆகவே மூன்று வேலைகளை முன்வைக்கிறோம். ஒன்று, இந்த நிகழ்வில் செலவு போக மிஞ்சும் தொகையை, எழுத்தறியாத முதியோரைச் சேர்த்துக்கொள்ளும் மறதிநோய் ஆய்வுக்கே கொடுப்போம். நம் மக்களைச் சோதிப்பவர்கள் புரியும்படி சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். முடிவுகளை ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டு, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நினைவுத்திறனையும் விசாரிக்கக் கோருவோம். மூன்றாவது மாணவர்களுக்கு. நடவு, கூலி, உறவுமுறை, ஊர்த் திருவிழா இவற்றைக் கொண்டு நம் பேச்சுமொழியில் நினைவைச் சோதிக்கும் கேள்விகளை மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்குங்கள்.

யார் எத்தனை மரக்கால் பாக்கி என்று அம்மாவிடம் அன்று கேட்டிருந்தால், அவர் மறக்கத் தொடங்கிய நாளை நாங்கள் கண்டுபிடித்திருப்போம். உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். இன்று இரவு போய்க் கேளுங்கள். சொல்வதை எழுதியும் வையுங்கள்.