உழவைக் குறைத்தால் மண்ணுக்கு யார் ஊட்டுவது?

(விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



ரசாயன உரமும் களைக்கொல்லியும் இல்லாமல் சாகுபடி செய்கிறவர்கள் உழவையும் குறைத்துக் கொள்ள முடியுமா என்ற கேள்வியை இன்று எடுத்துக் கொண்டிருக்கிறோம். ஆலைத் தோழர்கள் சிலர், "இது ஏர் பிடிக்கிறவன் பாடு, நமக்கென்ன?" என்று எண்ணலாம். ஆலையில் ஓடும் பஞ்சும், தூக்குவாளியில் வரும் சோறும் மண்ணில் விளைந்தவைதானே. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

உழவு என்ன செய்கிறது? இறக்கைக் கலப்பை மண்ணைப் பெயர்த்துக் கவிழ்த்துப் போடுகிறது. மேலே நின்ற களை அடியில் புதைந்து மடிகிறது. மண்ணுக்குள் காற்றுப் புகுகிறது. காற்றுப் புகுந்ததும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேகமெடுத்து, மண்ணில் மக்கிக் கிடக்கும் தழையையும் வேரையும் தின்கின்றன. அதிலிருந்து தழைச்சத்து பிரிந்து பயிருக்குக் கிடைக்கிறது. உழுத நிலத்தில் பயிர் கருகருவென்று வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆனால் இது மண்ணின் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கும் காரியம். வருஷம் தவறாமல் கவிழ்த்துக் கொண்டே போனால் மக்குச் சத்து குறைகிறது, மண்புழு அழிகிறது, மேல்மண்ணை மழை கரைத்துக் கொண்டும் காற்று வாரிக் கொண்டும் போகின்றன.

இதைக் கண்டு சொன்னவர்களில் முக்கியமான ஒருவர் பள்ளிக்கூடத்துப் படியேறாத விவசாயி. அவர் பெயர் தெரெந்தி மால்த்செவ். 1895இல் ருஷ்ய நாட்டில் யூரல் மலைக்குக் கிழக்கே, ஷாத்ரின்ஸ்க் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்கு அனுப்பத் தகப்பனாருக்குச் சம்மதமில்லை. தாமே எழுத்துக் கற்றார். பிற்பாடு கூட்டுப் பண்ணையில் பயிர்ப் பொறுப்பை ஏற்றார். மழை குறைந்த பூமி, குளிர் மிகுந்த பூமி. அங்கே அவர் கலப்பையின் இறக்கையைக் கழற்றி விட்டார்! மண்ணைக் கவிழ்க்காமல், சில வருஷங்களுக்கு ஒரு முறை மட்டும் ஆழமாகக் கீறி விடுவது. இடைப்பட்ட வருஷங்களில் மேலாக லேசாகக் கிளறி விதைப்பது. களைக்கு என்ன செய்தார்? அவசரப்பட்டு விதைக்கவில்லை. வசந்தத்தில் காட்டு ஓட்ஸ் முளைத்து வரட்டும் என்று காத்திருந்து, முளைத்ததைக் கிளறி அழித்து விட்டு, அதன் பிறகே கோதுமையை விதைத்தார். 1954 ஆகஸ்டில் அந்தச் சின்னக் கிராமத்தில் அனைத்து யூனியன் மாநாடே கூடியது. பட்டம் பெற்ற நிபுணர்கள் பள்ளிக்கூடம் காணாதவரிடம் பாடம் கேட்டார்கள். (இதைச் சொல்லும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டு, மறைப்பானேன்?)

அதே 1954இல் தொடங்கி, கஜகஸ்தானத்துப் புல்வெளிகளும் கோடிக்கணக்கான ஏக்கரில் உழப்பட்டன. இறக்கைக் கலப்பையே அங்கும் போயிற்று. 1960களின் தொடக்கத்தில் புழுதிப் புயல் கிளம்பி மேல்மண்ணைத் தூக்கிக் கொண்டு போயிற்று. ஷோர்தாந்தியில் இருந்த தானிய ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் பராயெவ், தாளைக் கவிழ்க்காமல் மேலேயே நிற்க விடும் கருவிகளைக் கொண்டு வந்தார். நிலத்தில் ஒரு பகுதியை முறை வைத்துத் தரிசாக விட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். தரிசு வீண் என்று மேலிடம் கடிந்த போதும் அவர் வளையவில்லை. மண் அவர் பக்கம் சாட்சி சொல்லிற்று. 1972இல் லெனின் பரிசு பெற்றார். நம் இயக்கத்தின் வரலாற்றில் வருவது என்பதற்காக இந்தத் தவறை மூடி வைக்க நாம் தயாரில்லை. வயலில் நிற்கிறவன் சொல்லைக் கேளாமல் உத்தரவு போட்டதன் பலன் அது.

ஆனால் இவர்கள் செய்தது ரசாயனத்தை முழுக்க விலக்கிய சாகுபடி அல்ல. அந்தச் சாகுபடியில் உழவைக் குறைத்தால் என்ன ஆகும்? சுவிட்சர்லாந்தில் பிரிக் என்ற ஊரில், களி மிகுந்த மண்ணில், 2002 முதல் இதைச் சோதித்து வருகிறார்கள். ஒரு பக்கம் கலப்பையால் கவிழ்த்தார்கள். மறு பக்கம் உளிக்கலப்பையும் மேலோட்டமான கிளறலும் மட்டும். உரம் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்த கரைசலும், மக்கிய எருவுமே. முதல் வருஷங்களின் கணக்கைக் கேளுங்கள்: உழவு குறைந்த பக்கத்தில் கோதுமை 14 சதவிகிதம் குறைந்தது. ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை ரகம் 8 சதவிகிதம் குறைந்தது. சூரியகாந்தி சற்றுக் கூடிற்று. களை அதிகமாயிற்று. அதே சமயம் மேல்மண்ணில் மக்குச் சத்து ஏறிற்று. பின்னால் வந்த தீவனப் புல்லும் மக்காச்சோளமும் உழுத பக்கத்தைவிட அதிகம் விளைந்தன.

கோதுமை ஏன் குறைந்தது? கவிழ்க்காத மண் வசந்தத்தில் மெதுவாகச் சூடேறுகிறது, காற்றோட்டமும் குறைவு. நுண்ணுயிர்கள் தாமதமாகத்தான் வேலை தொடங்குகின்றன. பயிர் பசியோடு நிற்கும் வாரங்களில் தழைச்சத்து கிடைப்பதில்லை. மூட்டை உரம் போடுகிறவன் யூரியாவை வீசி அந்த இடைவெளியை அடைத்து விடுவான். இவனுக்கு அந்த வழி இல்லை. முன்கூட்டியே புல்லோடு கலந்து குளோவர் என்ற பயறு வகைத் தீவனத்தை நிலத்தில் நிறுத்தி, அதன் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். அந்தத் தீவனத்தைத் தின்ன மாடு வேண்டும். மாட்டின் சாணமும் மூத்திரமும் வீணாகாமல் நிலத்துக்குத் திரும்ப வேண்டும். உழவைக் குறைக்கிறவன் உரத்தில் இரட்டைக் கவனம் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நம்முடைய நடவு வயலுக்கு இதை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. தண்ணீர் நிற்கச் சேறு கலக்க வேண்டிய நிலம் வேறு, மானாவாரி நிலம் வேறு. கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கியவர்களுக்கு உள்ள அறிவு எந்த நிபுணருக்கும் குறைந்ததல்ல.

இப்போது கேள்வி வேறு இடத்துக்கு வந்து சேருகிறது. முதல் வருஷங்களில் 14 சதவிகித நஷ்டத்தைத் தாங்கிக் கொண்டு, பின்னால் வரும் பலனுக்காகக் காத்திருக்க யாரால் முடியும்? நிலம் தன் கையில் நிலையாக உள்ளவனால் முடியும். மால்த்செவ் காத்திருந்தார் என்றால், அவரை அடுத்த வருஷம் வெளியேற்றக் கூடிய நிலச்சுவான்தார் அங்கே இல்லை. வாய்வார்த்தைக் குத்தகையில் ஒரு போகம் மட்டும் உழுகிறவன் மண்ணில் மக்குச் சத்தைச் சேர்த்து வைத்தால், அது அடுத்த குத்தகைக்காரனுக்கோ நிலச்சொந்தக்காரனுக்கோ போய்ச் சேரும். அவனைப் பார்த்து "மண்ணைக் காப்பாற்று" என்று உபதேசிப்பது எளிது!

களையையும் மறக்க வேண்டாம். உழவு குறைந்தால் களை கூடும் என்று பார்த்தோம். களைக்கொல்லியும் கிடையாது. அங்கே கருவிகள் களையை வெட்டுகின்றன; இங்கே குனிந்து பிடுங்குகிறவர்கள் பெரும்பாலும் நம் பெண் தொழிலாளர்களே. டிராக்டர் வாடகையில் மிச்சப்படும் பணம் நிலச்சொந்தக்காரனுக்கு. கூடுதல் களையெடுப்பு, பழைய கூலிக்கே, இவர்களுக்கு என்ற கணக்கை நாம் ஒப்புக் கொள்ள முடியாது. இயற்கை விளைச்சல் என்று கூடுதல் விலைக்கு விற்கிற பண்ணைகளில் களையெடுப்புக்கு எத்தனை நாள், என்ன கூலி என்று அடுத்த வகுப்புக்குள் ஊர்வாரியாக விசாரித்து எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் நேரில் வந்து சொன்னால் போதும். நாம் எழுதிக் கொள்கிறோம்.